டிஸ்க்கை முழுசாகக் கொடுக்காதீர்கள்

லினக்ஸில் சாப்ட்வேர் ரெய்டு அமைக்க உட்காரும் எவருக்கும் இன்று தவறாமல் கிடைக்கும் அறிவுரை ஒன்று உண்டு: பார்ட்டிஷன் எல்லாம் எதற்கு, டிஸ்க்கை அப்படியே முழுசாகத் தூக்கி, ரெய்டை அமைக்கும் கருவியான எம்டிஏடிஎம் கையில் கொடுத்துவிடுங்கள். அதாவது எஸ்டிபி1, எஸ்டிசி1 என்று பார்ட்டிஷன்களை உண்டாக்கிச் சேர்க்காமல், எஸ்டிபி, எஸ்டிசி என்ற டிஸ்க்குகளையே நேரடியாகச் சேர்த்துவிடுவது. கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. டிஸ்க் முழுவதும் ஒரே ரெய்டு தொகுப்புக்குத்தான் போகப்போகிறது. அதில் ஒரே ஒரு பார்ட்டிஷனைப் போட்டு என்ன சாதிக்கப்போகிறோம்? ஒரு படி குறைந்தால் தவறு நேர ஓர் இடம் குறையும். டிஸ்க் பழுதானால் புதியதைச் செருகி ஒரே கமாண்டில் சேர்த்துவிடலாம். நாளைக்குப் பெரிய டிஸ்க்குக்கு மாறினால் பார்ட்டிஷனை நீட்டும் வேலையும் மிச்சம். இத்தனை வசதிகளையும் கேட்ட பிறகு, இன்னமும் பார்ட்டிஷன் போடுகிறவர்களைப் பழைய பழக்கத்தை விடமுடியாதவர்கள் என்று ஒதுக்கிவிடத் தோன்றுவது இயல்பு.

அந்த அறிவுரை தவறு என்பதே இங்கே என் வாதம். மேலே சொன்ன வசதிகளில் பெரும்பகுதி தொகுப்பை அமைக்கும் அந்த ஒரு நாளுக்கு உரியவை. தொகுப்போ பல ஆண்டுகள் ஓடவேண்டியது. அந்தக் காலத்தில் தாய்ப்பலகை மாறும், இயங்குதளம் மறுபடி நிறுவப்படும், டிஸ்க்குகள் வேறு கணினியில் செருகிப் பார்க்கப்படும், அமைத்தவர் வேலை மாறிப் போய்விட இன்னொருவர் பொறுப்புக்கு வருவார். இத்தனைக்கும் நடுவில் டிஸ்க்கைப் படித்துப் பார்ப்பது ரெய்டு மென்பொருள் மட்டும் அல்ல. ஃபர்ம்வேர் படிக்கிறது, விண்டோஸ் படிக்கிறது, இன்ஸ்டாலர் படிக்கிறது, மீட்பு சிடி படிக்கிறது, அவசரத்தில் இருக்கும் மனிதர் படிக்கிறார். இவர்கள் எல்லாரும் முதலில் தேடுவது பார்ட்டிஷன் அட்டவணையைத்தான். அது இல்லாத டிஸ்க் இவர்களில் பலருடைய கணக்கில் காலி டிஸ்க். காலி என்று நினைத்து ஒருவர் எழுதிவைத்தால், அந்தச் சேதத்திலிருந்து ரெய்டு உங்களைக் காப்பாற்றாது.

இது ஏன் என்று புரிய, ரெய்டு எதை நம்பி நிற்கிறது என்று பார்க்கவேண்டும். 1988-இல் பெர்க்லி பல்கலைக்கழகத்தின் பேட்டர்சன், கிப்சன், காட்ஸ் மூவரும் ரெய்டு பற்றி எழுதிய ஆய்வுக்கட்டுரையின் கணக்கு, டிஸ்க்குகள் ஒன்றையொன்று சாராமல் தனித்தனியே பழுதாகும் என்ற அடிப்படையில் போடப்பட்டது. ஒன்று போனால் மற்றவை நிற்கும். நிற்பவற்றைக்கொண்டு போனதை மீட்கலாம். எந்தத் தவறு எல்லா டிஸ்க்குகளையும் ஒரே நேரத்தில் ஒரே மாதிரித் தாக்குகிறதோ, அந்தத் தவறுக்கு முன் ரெய்டு 1, 5, 6 எதற்கும் பலம் இல்லை. டிஸ்க்கைக் காலி என்று தவறாகப் புரிந்துகொள்வது அந்த வகையைச் சேர்ந்த தவறு. ஒரு டிஸ்க்கைத் தவறாகப் புரிந்துகொள்ளும் மென்பொருள், அதே போல அமைந்த மற்ற டிஸ்க்குகளையும் அப்படியேதான் புரிந்துகொள்ளும்.

இப்போது டிஸ்க்கின் முதல் சில செக்டார்களுக்குள் போவோம். எம்டி, அதாவது லினக்ஸின் சாப்ட்வேர் ரெய்டு, தொகுப்பில் சேரும் ஒவ்வொரு டிஸ்க்கிலும் ஒரு சூப்பர்பிளாக் எழுதப்படுகிறது. இது எந்தத் தொகுப்பைச் சேர்ந்தது, எத்தனையாவது உறுப்பு, தரவு எங்கே தொடங்குகிறது என்பதெல்லாம் அதில்தான் இருக்கிறது. இப்போது இயல்பாக வரும் 1.2 வடிவத்தில் அது டிஸ்க்கின் தொடக்கத்திலிருந்து 4 கிலோபைட் தள்ளி உட்காருகிறது. 512 பைட் செக்டார் கணக்கில் அது 8-ஆம் செக்டார். ஜிபிடி பார்ட்டிஷன் அட்டவணையின் அமைப்பையும் பாருங்கள்: 0-ஆம் செக்டாரில் காப்பு எம்பிஆர், 1-ஆம் செக்டாரில் தலைப்பு, 2 முதல் 33 வரை பார்ட்டிஷன் பதிவுகள், அதாவது 128 பைட் அளவில் 128 பதிவுகள். இதன் மறுபிரதி டிஸ்க்கின் கடைசி 33 செக்டார்களில் இருக்கும். முழு டிஸ்க்கைக் கொடுத்தால் ரெய்டின் சூப்பர்பிளாக் ஜிபிடி பதிவுகளுக்கென்று உலகம் ஒதுக்கியிருக்கும் இடத்தின் நடுவில் போய் உட்காருகிறது. வேறு வடிவத்துக்கு மாறினாலும் தப்பிக்க வழியில்லை. 1.1 வடிவம் 0-ஆம் செக்டாரிலேயே, எம்பிஆரின் இடத்தில் அமர்கிறது. 1.0 வடிவம் டிஸ்க்கின் முடிவிலிருந்து 8 முதல் 12 கிலோபைட்டுக்குள், ஜிபிடி மறுபிரதியின் பதிவுகள் இருக்கவேண்டிய இடத்தில் அமர்கிறது. இன்று புழக்கத்தில் இருக்கும் மூன்று வடிவங்களும் முழு டிஸ்க்கில் ஜிபிடியோடு மோதுகின்றன. முடிவிலிருந்து 64 கிலோபைட்டுக்கு மேல் தள்ளி அமரும் பழைய 0.90 மட்டும் இந்த மோதலில் சிக்காது. அதற்கு வேறு வியாதிகள் உண்டு, பின்னால் வருகிறேன்.

மோதல் எப்படி வெடிக்கிறது என்றால் இப்படி. முன்பு ஜிபிடி இருந்த ஒரு டிஸ்க்கை எடுத்துக்கொள்வோம். கடையில் வாங்கும் யுஎஸ்பி டிஸ்க்கில் வந்ததாக இருக்கலாம், இன்னொரு கணினியில் ஓடியதாக இருக்கலாம். அதன் மேல் முழு டிஸ்க் ரெய்டு அமைக்கிறோம். பார்ட்டிஷன் அட்டவணை ஒன்று இருக்கிறது, அது இனி பயனற்றுப்போகும் என்று எம்டிஏடிஎம் எச்சரிக்கிறது, சரி என்கிறோம். சூப்பர்பிளாக் 8-ஆம் செக்டாரில் எழுதப்படுகிறது. அந்த இடம் ஜிபிடியின் 25-ஆம் பதிவிலிருந்து தொடங்கும் பகுதி. பதிவுகள் 128-க்கும் சேர்த்து ஒரே சிஆர்சி கணக்கு தலைப்பில் இருப்பதால், முன்பகுதி ஜிபிடி கெட்டுவிட்டதாகிறது. ஆனால் கடைசி 33 செக்டார்களில் மறுபிரதி பத்திரமாக இருக்கிறது. அடுத்த முறை கணினி தொடங்கும்போது ஃபர்ம்வேர் பார்க்கிறது: முன்பிரதி கெட்டிருக்கிறது, மறுபிரதி நன்றாக இருக்கிறது, இதைச் சரிசெய்யவேண்டும். யூஇஎஃப்ஐ விதிமுறை, இப்படிச் சரிசெய்வதற்கு முன் பயனரிடம் உறுதி கேட்கச் சொல்கிறது. கேட்காமலே செய்யும் ஃபர்ம்வேர்கள் உண்டு. மறுபிரதியிலிருந்து 2 முதல் 33 வரை மறுபடி எழுதப்படுகிறது, 8-ஆம் செக்டாரில் இருந்த சூப்பர்பிளாக் மறைகிறது. ஒரே மாதிரி வாங்கி, ஒரே மாதிரி அமைத்த டிஸ்க்குகள் என்றால் ஒரே ரீபூட்டில் எல்லாவற்றிலும் மறைகிறது. டிஸ்க் எதுவும் பழுதாகவில்லை, மென்பொருள் எதுவும் தன் நோக்கில் தவறு செய்யவில்லை, தொகுப்பு மட்டும் காணோம்.

அதே டிஸ்க்கில் முறையான ஜிபிடி எழுதி, 2048-ஆம் செக்டாரில் தொடங்கும் ஒரு பார்ட்டிஷனைப் போட்டு, அதை ரெய்டுக்குக் கொடுத்திருந்தால்? சூப்பர்பிளாக் 2056-ஆம் செக்டாரில் இருக்கும். ஜிபிடியின் எல்லை 33-இல் முடிகிறது. கடைசி 33 செக்டார்களும் பார்ட்டிஷனுக்கு வெளியே. ஃபர்ம்வேர் எத்தனை முறை ஜிபிடியைச் சரிசெய்தாலும் நம் தரவில் ஒரு பைட்டைக்கூடத் தொடாது. போதாக்குறைக்கு, அந்தப் பழுதுபார்ப்பே நமக்குச் சாதகமாகிறது. நம் அட்டவணையைத்தானே அது மீட்டுக்கொடுக்கிறது.

இதற்கு எதிர்த்தரப்பு சொல்லும் பதில், முதலில் டிஸ்க்கைச் சுத்தமாகத் துடைத்துவிட்டால் பிரச்சினையே இல்லை என்பது. உண்மைதான். எஸ்ஜிடிஸ்க்கின் ஜாப் கமாண்டோ வைப்எஃப்எஸ்ஸோ போட்டு இரு முனைகளிலும் இருக்கும் பழைய ஜிபிடியை அழித்தால் மேலே சொன்ன விபத்து நடக்காது. ஆனால் இதை ஒப்புக்கொண்ட மாத்திரத்தில் எளிமை என்ற வாதம் கைநழுவுகிறது. ஒரு படி மிச்சம் என்று தொடங்கியவர்கள் இன்னொரு படியைக் கட்டாயமாக்குகிறார்கள். அதுவும் முதல் நாள் மட்டும் இல்லை. மூன்று ஆண்டு கழித்துப் பழுதான டிஸ்க்குக்குப் பதிலாகச் செருகும் ஒவ்வொன்றையும் முன்னும் பின்னும் துடைத்தாகவேண்டும், மறந்தால் அன்று ஒன்றும் தெரியாது, அடுத்த ரீபூட்டில்தான் தெரியும். பார்ட்டிஷன் போடும் படி மறக்கமுடியாதது, ஏனென்றால் அது இல்லாமல் எஸ்டிபி1 என்ற பெயரே இருக்காது, அடுத்த கமாண்ட் ஓடாது. தன்னை மறக்கவிடாத படியும், மறந்தால் வாய் திறக்காத படியும் எண்ணிக்கையில் ஒன்றாகத் தெரியலாம், ஆபத்தில் ஒன்றல்ல.

ஃபர்ம்வேரை விட்டு மற்ற இயங்குதளங்களுக்கு வருவோம். பார்ட்டிஷன் அட்டவணை இல்லாத டிஸ்க்கை விண்டோஸில் செருகி டிஸ்க் மேனேஜ்மென்ட்டைத் திறந்தால், இந்த டிஸ்க்கை இனிஷியலைஸ் செய்யவேண்டும், எம்பிஆரா ஜிபிடியா என்று ஒரு பெட்டி எழுகிறது. ஓகே அழுத்தினால் புது அட்டவணை எழுதப்படும். மேக்கிலும் இந்த டிஸ்க் படிக்கமுடியாதது, இனிஷியலைஸ் செய்யலாமா என்று கேட்கிறது. பட்டா இல்லாத நிலத்தைப் புறம்போக்கு என்று நினைத்து வேலி போடுகிறவரை எப்படி முழுக் குற்றவாளி ஆக்கமுடியாதோ, அப்படித்தான் இதுவும். லினக்ஸ் டாக்குமென்டேஷன் புராஜெக்டின் எல்விஎம் கையேடு, முழு டிஸ்க்கை எல்விஎம்முக்குக் கொடுப்பதைப் பரிந்துரைக்காததற்குச் சொல்லும் காரணம் இதுவே: எல்விஎம் டிஸ்க்கில் எழுதும் குறிப்புகள் மற்ற இயங்குதளங்களுக்குத் தெரியாது, டிஸ்க் காலி என்று காட்டும், மேலெழுதிவிட வாய்ப்பு அதிகம். எல்விஎம்முக்குப் பொருந்தும் காரணம் எம்டிக்கும் அப்படியே பொருந்தும். ஜிபிடியில் லினக்ஸ் ரெய்டு என்ற வகைக்கென்றே ஒரு ஜியூஐடி உண்டு. ஜிடிஸ்க்கில் எஃப்டி00 என்று கொடுத்தால் அது பதிவாகும். விண்டோஸுக்கு அது என்ன வகை என்று தெரியாவிட்டாலும், யாருடைய இடமோ என்பது தெரியும். டிரைவ் எழுத்து ஒதுக்காது, பார்மேட் செய்யட்டுமா என்று கேட்காது. வகையைக் கவனிக்காமல் விண்டோஸின் சாதாரணத் தரவு வகையாகவே விட்டுவிட்டால் கேட்கும். ஆகவே வகையைச் சரியாக எழுதுவது முக்கியம்.

எல்எஸ்பிஎல்கே கமாண்ட் போட்டால் முழு டிஸ்க்கும் ரெய்டு உறுப்பு என்று தெளிவாகத் தெரிகிறதே, இன்றைய லினக்ஸ் கருவிகள் எல்லாம் அதை அடையாளம் காண்கின்றனவே, எங்கள் சர்வரில் விண்டோஸுக்கு வேலையே இல்லையே என்பது அடுத்த ஆட்சேபம். சர்வர் ஒழுங்காக ஓடிக்கொண்டிருக்கும் நாட்களுக்கு இது சரியான பதில். அந்த நாட்களில் எந்த அமைப்பும் சரியாகத்தான் இருக்கும். டிஸ்க்குகளைக் கழற்றி வேறு கணினியில் மாட்டிப் பார்ப்பது சர்வர் விழுந்த நாளில். அன்று கைக்குக் கிடைக்கும் கணினி எது, அதில் என்ன ஓடுகிறது, அருகில் யார் இருக்கிறார்கள் என்பதை முன்கூட்டித் தீர்மானிக்க முடியாது. கருவிகள் புத்திசாலிகளாகிவிட்டன என்ற வாதம், எல்லா இடத்திலும் அதே கருவிகள்தான் இருக்கும் என்ற அனுமானத்தில் நிற்கிறது. பார்ட்டிஷன் அட்டவணைக்கு அந்த அனுமானம் தேவையில்லை. 1983-இல் டாஸ் 2.0 காலத்து எம்பிஆரும் அதற்குப் பின் வந்த ஜிபிடியும் கணினி உலகம் முழுவதும் படிக்கத் தெரிந்த பொது எழுத்து.

அடுத்தது அளவு. ஐடிஇஎம்ஏ என்ற டிஸ்க் தொழில் அமைப்பு வகுத்த கணக்குப்படி 1 டெராபைட் டிஸ்க்கில் 1,953,525,168 செக்டார்கள் இருக்கவேண்டும். பெரும்பாலான தயாரிப்பாளர்கள் அதையே பின்பற்றுகிறார்கள். எனவே அளவு வேறுபாடு எல்லாம் அந்தக் காலத்துக் கதை என்கிறார்கள். டிஸ்க் தொழிற்சாலையை விட்டு வெளியேறும்போது வேண்டுமானால் அந்த எண் இருக்கும். நம் கணினியில் தெரிவதும் அதுவே என்று சொல்லமுடியாது. சில தாய்ப்பலகைகள் தங்கள் பயாஸின் பிரதியை டிஸ்க்கின் வாலில் ஒளித்துவைத்து, 1,953,523,055 செக்டார்கள் மட்டுமே இருப்பதாகக் காட்டியது உண்டு. குறைவது 2113 செக்டார், ஒரு மெகாபைட்டுக்குச் சற்று மேல். சில யுஎஸ்பி பெட்டிகளும் சில செக்டார்களைக் கத்தரித்துக் காட்டுகின்றன. முழு டிஸ்க்குகளின் கடைசி செக்டார்வரை ஒட்டி அமைத்த தொகுப்பில் இப்படி ஒன்றை மாற்றாகச் செருகினால், இது தொகுப்பில் சேரப் போதிய அளவில் இல்லை என்று எம்டிஏடிஎம் மறுத்துவிடும். ஒரு டிஸ்க் ஏற்கெனவே போய், மீதியில் ஓடிக்கொண்டிருக்கும் தொகுப்புக்கு அந்த ஒரு மெகாபைட் அன்று மிகப் பெரிய தொகை. பார்ட்டிஷன் போடுகிறவர் வாலில் 100 மெகாபைட்டை விட்டுவிட்டால் போதும். 4 டெராபைட் டிஸ்க்கில் அது 0.0025 சதவீதம். இடம் வீண் என்று புலம்புகிறவர்கள் இந்த எண்ணைக் கொஞ்சம் பார்க்கட்டும்.

எம்டிஏடிஎம்மிலேயே சைஸ் என்ற ஆப்ஷன் இருக்கிறது, முழு டிஸ்க்கைக் கொடுத்தாலும் அதில் கொஞ்சம் குறைத்துச் சொல்லலாம் என்பதும் சரியான தகவலே. ஆனால் அந்தக் குறைப்பு சூப்பர்பிளாக்குக்குள் ஓர் எண்ணாக மட்டும் இருக்கிறது. பின்னால் வருகிறவர் டிஸ்க்கில் மிச்ச இடம் இருக்கிறதே என்று நினைத்து, தொகுப்பை மேக்ஸ் அளவுக்கு நீட்டும் கமாண்டைப் போட்டால், வேண்டுமென்றே விட்டுவைத்த வால் ஒரு நொடியில் கரைந்துவிடும். பார்ட்டிஷனின் எல்லை அப்படிக் கரையாது. மேக்ஸ் என்றால் பார்ட்டிஷனின் மேக்ஸ்தான். விட்டது தவறி விட்டதல்ல, திட்டமிட்டு விட்டது என்பது டிஸ்க்கைத் திறந்து பார்க்கும் எவருக்கும் தெரியும்.

பூட் ஆகும் டிஸ்க் என்றால் விவாதத்துக்கே இடம் குறைவு. யூஇஎஃப்ஐ கணினிக்குத் தனியே ஃபேட் வடிவத்தில் ஒரு இஎஸ்பி பார்ட்டிஷன் வேண்டும். பழைய பயாஸ் வழியில் ஜிபிடி டிஸ்க்கிலிருந்து பூட் செய்ய, பூட்லோடரான கிரப்புக்கு ஒரு பயாஸ் பூட் பார்ட்டிஷன் வேண்டும். முழு டிஸ்க்கில் 1.2 வடிவம் போட்டால் முன்னால் மிஞ்சுவது வெறும் 4 கிலோபைட். கிரப்பின் மையப் பகுதிக்கு அதைப்போலப் பல மடங்கு தேவை. ஆகவே முழு டிஸ்க் என்ற விதி தரவு டிஸ்க்குகளுக்கு மட்டும் என்று சுருங்கிப்போகிறது. பூட் டிஸ்க்குக்கு ஒரு முறை, தரவு டிஸ்க்குக்கு வேறு முறை என்று ஒரே சர்வரில் இரண்டு வழக்கங்களை வைத்துக்கொள்வதை எளிமை என்று சொல்வது எனக்குப் புரியவில்லை.

வேகம் குறையும் என்ற பயம் இன்னும் சிலரிடம் இருக்கிறது. அதற்கு ஒரு காலத்தில் காரணம் இருந்தது. பழைய எஃப்டிஸ்க் முதல் பார்ட்டிஷனை 63-ஆம் செக்டாரில் தொடங்கும். 4096 பைட் செக்டார் உள்ள டிஸ்க்குகள் சந்தைக்கு வந்தபோது அந்தத் தொடக்கம் பொருந்தாமல் போய், சிறிய எழுத்து ஒவ்வொன்றுக்கும் டிஸ்க் இரண்டு செக்டார்களைப் படித்துத் திருத்தி எழுதவேண்டியதாயிற்று. இன்றைய கருவிகள் எல்லாம் 2048-இல், அதாவது சரியாக 1 மெகாபைட்டில் தொடங்குகின்றன. 4096-க்கு அது துல்லியமாகப் பொருந்துகிறது. மற்றபடி பார்ட்டிஷன் என்பது கெர்னலுக்கு ஒரு கூட்டல் கணக்கு: கேட்ட செக்டார் எண்ணோடு பார்ட்டிஷனின் தொடக்க எண்ணைக் கூட்டி டிஸ்க்குக்கு அனுப்புகிறது. தலை நகர்ந்து, தட்டு சுழன்று, மில்லிசெகண்ட் கணக்கில் பதில் வரும் டிஸ்க்குக்கு முன்னால் அந்தக் கூட்டலை அளக்கவே முடியாது.

இதைவிடக் கனமான ஆட்சேபம் ஒன்று உண்டு. பார்ட்டிஷன் அட்டவணை என்பதும் கெட்டுப்போகக்கூடிய இன்னொரு பொருள்தானே, அது போனால் தொகுப்பும் போய்விடாதா? போகாது. ஜிபிடிக்கு டிஸ்க்கின் இரு முனைகளிலும் பிரதி இருக்கிறது, இரண்டுக்கும் சிஆர்சி சோதனை இருக்கிறது. இரண்டும் சேர்ந்து அழிந்தாலும், 2048-இல் தொடங்கும் ஒரே பார்ட்டிஷனை மறுபடி எழுதினால் 2056-இல் சூப்பர்பிளாக் அப்படியே காத்திருக்கும். தரவில் கை வைக்கவே வேண்டியதில்லை. எம்டியின் சூப்பர்பிளாக்குக்கோ ஒரு டிஸ்க்கில் ஒரே பிரதிதான். எல்லா உறுப்புகளிலும் அது அழிந்தால், தொகுப்பை அசியூம் கிளீன் ஆப்ஷனோடு மறுபடி உருவாக்கிப் பார்க்கும் கடைசி வழி மட்டுமே மிஞ்சும். அதற்கு டிஸ்க்குகளின் வரிசை, சங்க் அளவு, தரவு தொடங்கும் இடம் எல்லாம் பிசகாமல் தெரிந்திருக்கவேண்டும். தரவு தொடங்கும் இடமோ எம்டிஏடிஎம் பதிப்புக்குப் பதிப்பு மாறியிருக்கிறது: பழைய தொகுப்புகளில் 2048 செக்டார், பின்னால் வந்த பலவற்றில் 262144 செக்டார். இரண்டில் எது போனால் மீட்பது சுலபம் என்று கேட்டால் பதில் ஒன்றுதான். எளிதில் மீளக்கூடியதை வெளியே நிறுத்தி, மீளாததை உள்ளே தள்ளிவைப்பதே பார்ட்டிஷன் செய்யும் வேலை.

பெரிய டிஸ்க்குக்கு மாறும் நாளில் பார்ட்டிஷனையும் நீட்டவேண்டியிருக்குமே என்பதில் பாதி உண்மை. 4 டெராபைட்டுகளை எடுத்துவிட்டு 8 டெராபைட்டுகளை ஒவ்வொன்றாகப் போடும்போது, புதிய டிஸ்க்கில் பார்ட்டிஷனை முதலிலேயே முழு அளவில் போட்டுச் சேர்க்கலாம். கடைசி டிஸ்க்கும் மாறியபின் தொகுப்பை நீட்டும் கமாண்ட் ஒன்று போதும். எந்தப் பார்ட்டிஷனையும் நீட்டவேண்டியதில்லை. மாற்று டிஸ்க் செருகும்போது நல்ல டிஸ்க்கின் அட்டவணையைப் புதியதில் நகலெடுக்க எஸ்ஜிடிஸ்க்கின் ஆர் ஆப்ஷனைப் பயன்படுத்துகிறார்கள். அதில் எது மூலம், எது இலக்கு என்பது தலைகீழாகப் போனால் நல்ல டிஸ்க்கின் அட்டவணை போய்விடும். இந்த ஆபத்து நிஜம், எதிர்த்தரப்பு சொல்வதிலேயே இதுதான் வலுவான குற்றச்சாட்டு. அதற்காகப் பார்ட்டிஷனையே கைவிடவேண்டியதில்லை, நகலெடுப்பதைக் கைவிட்டால் போதும். ஒரு டிஸ்க்கில் ஒரே பார்ட்டிஷன்தான் என்றால் நகலெடுக்க என்ன இருக்கிறது? புது டிஸ்க்கின் பெயரை மட்டும் கொடுத்து நேரடியாக எழுதிவிடலாம். நல்ல டிஸ்க்கின் பெயர் அந்தக் கமாண்டில் வராது, வராத பெயரைத் தவறாகக் கொடுக்கவும் முடியாது.

முழு டிஸ்க்கைக் கொடுப்பதையே பெருமையாகச் சொல்லும் அமைப்புகள் உண்மையில் என்ன செய்கின்றன என்று பார்த்தால் இன்னும் தெளிவாகும். இசட்எஃப்எஸ்ஸுக்கு முழு டிஸ்க்கைக் கொடுங்கள் என்பது அந்த வட்டாரத்தில் வேதவாக்கு. லினக்ஸில் ஓபன் இசட்எஃப்எஸ்ஸுக்கு முழு டிஸ்க்கைக் கொடுத்துப் பாருங்கள். அது முதலில் ஒரு ஜிபிடியை எழுதுகிறது, 1 என்ற எண்ணில் தரவுக்கு ஒரு பார்ட்டிஷனும், 9 என்ற எண்ணில் வாலில் 8 மெகாபைட்டுக்கு ஒரு சிறு பார்ட்டிஷனும் போட்டபிறகுதான் தன் வேலையைத் தொடங்குகிறது. ஃபிரீநாஸ் ஒவ்வொரு தரவு டிஸ்க்கிலும் 2 ஜிகாபைட் ஸ்வாப் பார்ட்டிஷன் வைப்பதைப் பல ஆண்டுகள் வழக்கமாகக் கொண்டிருந்தது. மாற்று டிஸ்க் சற்றுச் சிறியதாக அமைந்தால் அந்த இடம் கைகொடுத்தது. வீட்டிலும் அலுவலகத்திலும் ஓடும் சினாலஜி பெட்டிகள் உள்ளே இதே எம்டியைத்தான் பயன்படுத்துகின்றன. டிஸ்க்கைச் செருகியதும் இயங்குதளத்துக்கு ஒன்று, ஸ்வாப்புக்கு ஒன்று, தரவுக்கு ஒன்று என்று பார்ட்டிஷன் போட்டே அவற்றை ரெய்டில் சேர்க்கின்றன. பயனர் முழு டிஸ்க்கைக் கொடுப்பதாக நினைக்கிறார், மென்பொருள் பார்ட்டிஷனைப் போட்டுக்கொள்கிறது. எம்டிஏடிஎம் அதைத் தானாகச் செய்வதில்லை என்பதால், செய்யவேண்டியது நம் பொறுப்பாகிறது.

பார்ட்டிஷனுக்குக் கெட்ட பெயர் வந்ததற்கு வரலாற்றில் காரணம் இல்லாமல் இல்லை. 0.90 வடிவத்தில் சூப்பர்பிளாக் முடிவில் இருந்தது. கடைசி பார்ட்டிஷன் டிஸ்க்கின் விளிம்புவரை போனால், அந்தச் சூப்பர்பிளாக் பார்ட்டிஷனுடையதா, முழு டிஸ்க்கினுடையதா என்று எம்டிஏடிஎம்மால் பிரித்தறிய முடியவில்லை. எஸ்டிபி1-ஐச் சேர்க்கவேண்டிய இடத்தில் எஸ்டிபி சேர்ந்து, தொகுப்பு குழம்பியது. 1.x வடிவங்களில் சூப்பர்பிளாக் தான் இருக்கவேண்டிய இடத்தையும் தனக்குள் எழுதிவைத்திருப்பதால் அந்தக் குழப்பம் தீர்ந்துவிட்டது. இன்னொன்று, டிஸ்க்கை ஆறேழு துண்டுகளாக்கி ஒவ்வொரு துண்டையும் தனித் தொகுப்பாக அமைக்கும் வழக்கம். அதில் ஒரு டிஸ்க் போனால் ஆறேழு தொகுப்புகள் ஒரே சமயம் ஊனமாகும். ஒரே டிஸ்க்கில் இருப்பவற்றை எம்டி ஒன்றன்பின் ஒன்றாகவே மீட்பதால், மற்றவை தாமதம் என்ற நிலையில் வரிசையில் நிற்கும். அது எரிச்சலான அமைப்புதான். அந்த எரிச்சலுக்குக் காரணம் துண்டுகளின் எண்ணிக்கை. அதைக் காட்டி ஒற்றைப் பார்ட்டிஷனையும் சேர்த்துக் கண்டிப்பது, பழைய வழக்கின் தீர்ப்பைப் புதிய வழக்கில் ஒட்டுவது.

முழு டிஸ்க் சரியாக இருக்கும் இடங்களும் உண்டு. இன்டெலின் ஐஎம்எஸ்எம், டிடிஎஃப் போன்ற ஃபர்ம்வேர் ரெய்டு வடிவங்கள் முழு டிஸ்க்கைத்தான் எதிர்பார்க்கும். மெய்நிகர் கணினியில், நினைத்தபோது அளவை நீட்டக்கூடிய மெய்நிகர் டிஸ்க்குகளில் பார்ட்டிஷன் ஒரு கூடுதல் சுமை. அங்கே அதைக் கழற்றி விண்டோஸில் செருகப்போகிறவரும் யாரும் இல்லை. நூற்றுக்கணக்கான டிஸ்க்குகளை, புதியது செருகியதும் தானாகத் துடைத்துச் சேர்த்துக்கொள்ளும் மென்பொருளின் கையில் விட்டிருக்கும் பெரிய டேட்டா சென்டருக்கும் முழு டிஸ்க் பொருந்தலாம். அங்கே மனிதக் கை டிஸ்க்கைத் தொடும் வாய்ப்பே குறைவு. மூன்றிலும் பொதுவான நிபந்தனை ஒன்று இருக்கிறது: டிஸ்க்கைப் படிக்கப்போகிறவர் யார் என்பது முழுக்க முழுக்கக் கட்டுப்பாட்டில் இருக்கிறது. நான்கு டிஸ்க்கோ எட்டு டிஸ்க்கோ உள்ள சர்வரை ஒருவர் இருவர் பார்த்துக்கொள்ளும் அலுவலகத்திலும், கல்லூரி ஆய்வகத்திலும், வீட்டிலும் அந்த நிபந்தனை நிறைவேறுவதில்லை. அறிவுரை தேடி வருகிறவர்களில் பெரும்பாலோர் இவர்களே.

அவர்களுக்குச் சொல்லவேண்டிய முறை நான்கு வரிகளுக்கு மேல் போகாது. டிஸ்க்கின் இரு முனைகளையும் துடைத்துப் புது ஜிபிடி எழுதுங்கள். 2048-இல் தொடங்கி, வாலில் 100 மெகாபைட் விட்டு, ஒரே பார்ட்டிஷன் போடுங்கள். பூட் ஆகும் டிஸ்க் என்றால் பூட்டுக்கு முன்னால் இன்னொன்று. வகையை லினக்ஸ் ரெய்டு என்று குறியுங்கள். பார்ட்டிஷனின் பெயராகத் தொகுப்பின் பெயரையும் டிஸ்க்கின் சீரியல் எண்ணின் கடைசி இலக்கங்களையும் எழுதுங்கள், சீரியலை மறைக்கும் யுஎஸ்பி பெட்டியில் செருகினாலும் எந்த டிஸ்க் என்று தெரியும். பிறகு எஸ்டிபி1, எஸ்டிசி1 என்று ரெய்டுக்குக் கொடுங்கள். ஒரு டிஸ்க்குக்கு ஒரு நிமிட வேலை. முழு டிஸ்க் முறை அந்த ஒரு நிமிடத்தை மிச்சப்படுத்துகிறது என்பது உண்மை. அதற்கு விலையாக, ஒரே தவறான ரீபூட்டில் எல்லா டிஸ்க்குகளும் சேர்ந்து காணாமல்போகும் வாய்ப்பை ஏற்றுக்கொள்கிறது. ஒரு டிஸ்க் போனாலும் தரவு போகக்கூடாது என்பதற்காகவே கூடுதல் டிஸ்க்குக்குப் பணம் கொடுத்தவர், அந்தப் பாதுகாப்பை ஒரு நிமிடத்துக்கு விற்பது நல்ல பேரம் ஆகாது.